குட்டைக்குப் போன பந்து

அறுபதுகளில் மெட்ராஸில் ஒரு மில், கால்பந்து நன்றாக ஆடுகிறவர்களைச் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்டது. காலையில் பெயருக்கு மில்லில் நிற்க வேண்டும், மாலையில் ஆட வேண்டும். என்னை ரைட் அவுட்டாகக் கூப்பிட்டார்கள். வலது ஓரமாகப் பறந்துபோய், கோலுக்கு முன்னால் நிற்பவனுக்குப் பந்தை அனுப்புகிற வேலை. அப்போது எங்கள் ஊர் செஞ்சியில் என்னைவிட வேகமாக ஓடியவன் கிடையாது. நானேதான் சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்குக் கடைத்தெருவில் மளிகைக்கடை. நான் ஆடி அவர் பார்த்ததே இல்லை.

"பந்து ஒதைக்கறதுக்குக்கூடவா சம்பளம் குடுப்பாங்க? சரி, ஒரு வருசம் போ. அப்புறம் நம்மூர்ல வந்து ஆடு, நான் பாக்கறேன். எனக்குப் புடிக்கலன்னா பேசாம கடையில வந்து குந்திக்கணும்" என்றார்.

வருடம் முடிந்ததும், செஞ்சி அணியோடு ஆட எங்கள் மில் அணி வந்து இறங்கியது. கோட்டை மலையடியில் இருக்கும் அந்த மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். சரிவு முடிகிற இடத்தில் குட்டை. பந்தைக் குட்டைக்கு அனுப்பியவனே இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். அந்தச் சரிவுக்காகவே பந்தைக் கொஞ்சம் மேட்டுப் பக்கமாகப் பார்த்து அடிக்கப் பழகியவன் நான். மெட்ராஸ் சமதளத்தில் ஒரே வருடத்தில் அதை மறந்து தொலைத்திருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு பள்ளத்துப் பக்கம் எனக்கு வந்தது. நேராக அடித்தேன், குட்டை. மறுபடியும் குட்டை. மூன்றாவதும் அங்கேதான். மூன்று முறையும் மில் கொடுத்த புது பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினேன்.

"மில்லுக்காரரே, மீனு எதுனா மாட்டுச்சா?" என்று கரையிலிருந்து ஒருவன் கத்தினான். அவனை அங்கேயே முக்கி எடுத்திருப்பேன். ஆனால் அவனுக்குப் பக்கத்தில் நைனா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இனிக் காலம் முழுக்கப் புளி மூட்டைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆத்திரத்தில் பூட்ஸைக் கழற்றி எறிந்தேன். வெறுங்கால் மண்ணில் பட்டதும் பழைய சரிவு பிடிபட்டுவிட்டது. மேட்டுப் பக்கம் பார்த்து அடித்தேன். பந்து எங்கள் ஆளின் தலைக்கே போனது, முட்டினான், கோல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே குஷியில் அடுத்த பந்தை ஓங்கி உதைத்தேன். நேரே குட்டை.

நான் கரைக்கு ஓடுவதற்குள் நைனா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். "பெரியவரே, அடிச்சவன்தான் எடுக்கணும்!" என்று ஒரே கூச்சல். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொடைவரை சேற்றோடு ஏறிவந்து பந்தை என் கையில் திணித்தார்.

"நீ போய் ஆடுடா. கடைய நான் பாத்துக்கறேன்."