கை தூக்கி வந்தவன்

பொகவந்தலாவையில் எங்கள் தோட்டத்து ஃபேக்டரி கேட்டில் ஒரு வாச்சர் இருந்தார். சிங்களவர். பல வருடம் ஆமியில் சிப்பாயாக இருந்துவிட்டு, சண்டை முடிந்தபின் இந்த வேலைக்கு வந்தவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், தோட்டத்தில் புல்லைக் கருக்கும் மருந்து அடிக்கிறேன். மருந்து கலக்கத் தண்ணீர் பிடிக்கும் பைப் அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் என்பதால் தினமும் அவரோடு பேச்சு உண்டு. 'மாத்தயா' என்றுதான் கூப்பிடுவேன், சிங்களத்தில் ஐயா மாதிரி.

"என்னா தம்பி, நீ மருந்து அடிச்ச புல்லு ஒரு சாண் வளந்திருக்கே. மருந்தா, பசளையா?"

"நீங்க காவல் இருக்கறப்பத்தானே மாத்தயா, போன மாசம் மோட்டரக் கழட்டிட்டுப் போனானுங்க?"

எங்கள் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும்.

ஒருநாள் மழை. மருந்து அடிக்க முடியாமல் அவருடைய காவல் கூண்டுக்குள் ஒதுங்கினேன். நனைந்த பர்ஸில் இருந்ததையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பிக்கொண்டிருந்தார். நடுவில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை.

"லைசனா மாத்தயா?"

"ஆமில குடுத்தது. சண்டையில என்னா செய்யலாம், என்னா செய்யக்கூடாதுன்னு இருக்கு."

எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அவரே விரலை வைத்து வரி வரியாகச் சொன்னார். காயம்பட்டவன் எதிரியானாலும் மருந்து கட்ட வேண்டும். சண்டை போடாத சனங்களைச் சுடக்கூடாது. கையைத் தூக்கி வந்தவனைக் கொல்லக்கூடாது. அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

பிறகு மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு வந்தானாம். முட்டி போட வைத்துவிட்டு, ரேடியோவில் மேலே கேட்டார்களாம். வைத்திருக்க வேண்டாம் என்று பதில் வந்ததாம். சுட்டது இவர். அங்கேயே புதைத்தார்களாம். ஊர்ப் பெயரையும் சொன்னார். உடைந்த கிணறு, பக்கத்தில் நீலத் தண்ணீர் டேங்க் என்று அடையாளமும் சொன்னார்.

இதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும்? சண்டைக் காலத்தில் அடையாள அட்டையை லயத்து வீட்டில் மறந்துவிட்டு டவுனுக்குப் போய், ஒன்பது நாள் பொலிஸில் அடைபட்டுக் கிடந்தவன் நான். இன்றைக்கும் காக்கிச் சட்டையைக் கண்டால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவேன். ஏதாவது சொல்லி அந்தப் பேச்சை முடிக்கப் பார்த்தேன்.

"மேல சொன்னா செய்யத்தானே வேணும் மாத்தயா. ஒங்க மேல என்னா குத்தம்?"

இந்த வார்த்தை எனக்குப் பழக்கமானது. அதற்கு முந்தின வருடம், பக்கத்து வீட்டு அக்கா போட்டிருந்த லீக்ஸ் பாத்தி ஓரமாக மருந்து அடித்தேன். கருகும் என்று தெரியும். கருகியது. கங்காணி சொன்னார், அடித்தேன் என்றேன். "கங்காணியா மருந்து டேங்கத் தூக்கிட்டு வந்தாரு? நீதானேடா அடிச்ச!" என்று லயமே கேட்கக் கத்தினார் அக்கா. இருந்தும் அதே வார்த்தையைத்தான் வாச்சருக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அட்டையின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். "தப்பான ஓடர்னு தெரிஞ்சா செய்யக்கூடாதுன்னும் இருக்கு தம்பி. வாசிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அப்புறம் கேட்டார். சண்டையில் காணாமல் போனவர்களைப் பற்றி விவரம் எழுதிக்கொள்ள, வரும் செவ்வாய்க்கிழமை ஹட்டன் டவுனுக்கு விசாரணை ஆட்கள் வருகிறார்களாம். "தனியாப் போனா பாதியிலே திரும்பிருவேன். நீ வா. பேச வேணாம், பக்கத்துல நின்னா போதும்."

"வாறேன் மாத்தயா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. என் பெயரையும் எழுதுவார்களோ? சாட்சி என்று கூப்பிடுவார்களோ? மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், அவனுக்கு ஏதாவது வந்தால்?

செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கும் போகவில்லை, பஸ்ஸுக்கும் போகவில்லை. ரோட்டுக்கு மேலே தேயிலைக்குள் குனிந்து நின்று பார்த்தேன். வாச்சர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பஸ் நிற்கும் இடத்தில் நின்றார். லயத்துப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் போனது. அடுத்ததும் போனது. குடையை மடக்கிக்கொண்டு கேட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். ஓடிப்போய்க் கூப்பிட நேரம் இருந்தது. நான் அசையவில்லை.

மறுநாள், "காய்ச்சல் மாத்தயா" என்றேன்.

"பரவால்ல தம்பி. டிஸ்பென்சரிக்குப் போனியா?"

அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அதன்பிறகு புல்லைப் பற்றிக் கேலி எதுவும் இல்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கிணறும் நீல டேங்கும் இப்போது என்னிடம் இருக்கின்றன. கை தூக்கி வந்தவனை எங்கோ யாரோ இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள். ஹட்டன் பஸ் தினமும் லயத்துக்குக் கீழே நின்றுதான் போகிறது. நான் ஏறவில்லை. அவருக்காவது ரேடியோவில் ஒரு ஓடர் வந்தது. வாயை மூடிக்கொண்டு இரு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.