பாதியில் நின்ற ட்ரம்பெட்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். நான் அப்போது சேலையூரில் குடியிருந்தேன். வேலை ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில். ஞாயிறு சாயங்காலம் வந்தால் ரெண்டு ஷேர் ஆட்டோ மாறிப் பம்மலுக்குப் போய்விடுவேன். அங்கே மூடிக் கிடந்த ஒரு தோல் பட்டறை ஷெட்டில் ஐந்து பேர் லத்தீன் ஜாஸ் வாசிப்பார்கள். சிரிக்காதீர்கள், பம்மலில்தான். சினிமா ரெக்கார்டிங்கில் கம்ப்யூட்டர் வந்து பிழைப்பைப் பிடுங்கிக்கொண்ட கலைஞர்கள் அவர்கள். காங்கோ மேளத்தில் கை விழ ஆரம்பித்துவிட்டால் நமக்குக் கால் சும்மா இருக்காது. அக்கம்பக்கத்துக் காலனிக்காரர்களையும் சேர்த்து முப்பது பேராவது வாராவாரம் ஆஜராகிவிடுவோம்.

அந்த ஷெட் கைமாறியது. காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இடம் கிடைக்காவிட்டால் குழு கலைந்துவிடும். ட்ரம்பெட் வாசிப்பவருக்குக் கோவாவில் ஒரு ஓட்டலிலிருந்து வேலைக்கு அழைப்பு வேறு வந்திருந்தது. நாங்கள் ரசிகர்கள் நாலு பேர் அந்த வார்டு கவுன்சிலர் அம்மாவைப் பார்த்து, சமுதாயக் கூடத்தை மாதம் ஒரு ஞாயிறு தரும்படி கேட்டோம்.

அவர் பட்டென்று சொல்லிவிட்டார். ஞாயிறெல்லாம் கல்யாணமும் காதுகுத்தும்தான், கிடைக்காது. "தரேன்னு சொல்லி உங்கள அலைய விட மாட்டேன். மார்க்கெட் மாடி ஹால் புதன்கிழமை சாயங்காலம் சும்மாதான் கிடக்குது. வேணும்னா எடுத்துக்குங்க."

எங்களுக்குச் சுருக்கென்றது. புதன்கிழமை யார் வருவார்கள்? கொஞ்சமாவது தன்மையாகப் பேசக்கூடாதா? வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தோம். அதில் என் குரல்தான் உரக்க இருந்தது.

மேலிடத்தைப் பிடிக்கலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். அந்த அம்மாவின் கட்சியிலேயே பெரிய பொறுப்பில் இருந்த ஒரு பிரமுகரைத் தலைமை விருந்தினராக அழைத்து, சேலையூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கச்சேரி ஏற்பாடு செய்தோம். அழைப்பிதழில் வாசிக்கிறவர்கள் பெயரை விட அவர் பெயர் நாலு மடங்கு பெரிதாக இருந்தது.

ஐந்து மணி விழாவுக்கு ஆறரைக்கு வந்தார். அப்போது ட்ரம்பெட்காரர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். மைதானமே மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் நான் மேடை ஓரத்திலிருந்து கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்திவிட்டார். பொன்னாடை, மாலை, போட்டோ.

பிரமுகர் மைக்கைப் பிடித்தார். அடுத்த மாதத்திலிருந்து சமுதாயக் கூடம் ஞாயிறுதோறும் இவர்களுக்கே, இது நான் கொடுக்கும் வாக்கு என்றார். கை வலிக்கத் தட்டினோம். மறுநாள் காலை ட்ரம்பெட்காரர் கோவாவுக்கு போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு நாலு மாதம் அலைந்தேன். அண்ணன் டூரில் இருக்கிறார், அண்ணன் மீட்டிங்கில் இருக்கிறார் என்றே பிரமுகரின் ஆட்கள் சொல்லிவந்தார்கள். கடைசியில் ஒருநாள் ஆள் அகப்பட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கொஞ்சம்கூட முகம் மாறவில்லை.

"மேடைன்னா நாலு வார்த்தை சந்தோஷமா சொல்றதுதானேம்மா. அதையெல்லாம் மனசுல வச்சுக்குவாங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு மனிதன் கைக்கு வந்த வேலையை உதறியிருக்கிறான், இவருக்கு அது நாலு வார்த்தை. ஏதோ கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கோவாவில் அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். வெட்கத்தை விட்டுக் கவுன்சிலர் அம்மாவிடமே திரும்பிப் போனேன். அவர் குத்திக்காட்டவில்லை. "அந்த ஹாலை தையல் கிளாஸுக்குக் குடுத்துட்டேங்க. இப்ப எங்கிட்ட எதுவும் இல்ல" என்றார். அதுவும் உண்மைதான்.

குழு கலைந்தது. ஒரு வருஷம் கழித்து ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. காருக்கு முன்னால் போன பேண்டு செட்டில், தோளில் சரிகை வைத்த சிவப்புக் கோட்டோடு ட்ரம்பெட்காரர் நின்றிருந்தார். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். ஓட்டல் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அன்னிக்குக் கையக் காட்டி நிறுத்தினீங்களே மேடம், அந்தப் பாட்டு இன்னும் பாதியிலதான் கீது."

அந்தப் பிரமுகர் மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. ஆனால் உள்ளதைச் சொன்ன ஒரே தலைவரைத் திட்டிவிட்டு, பொய் சொன்னவருக்காகப் பாட்டையே நிறுத்தியது என் கைதான். இப்போதெல்லாம் எந்த மேடைப் பேச்சுக்கும் அது தட்ட எழுவதில்லை.