இலை வந்தால் ஓட வேண்டும்

திங்கட்கிழமை காலை அலுவலகக் கணினியைத் திறந்தால் முதலில் ஒரு கேள்வி வந்து நிற்கும். போன வாரம் வேலைக்கு எப்படி வந்தீர்கள்? நடந்தா, சைக்கிளா, ரயிலா, காரா? நான் நடந்து வருகிறவள். அதை அழுத்தியதும் திரையில் ஒரு பச்சை மரம் முளைத்து நன்றி சொல்லும். தென்காசியில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்க் காலில் கொப்புளம் வந்தபோது எந்த மரமும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

நான் வேலை பார்ப்பது இந்தக் குளிர்நாட்டின் சுற்றுலா வாரியத்தில். எங்கள் நாட்டுக்கு வாருங்கள் என்று உலகத்தையே கூப்பிடுவதுதான் தொழில். கார்பன் புகையைச் சில வருடங்களுக்குள் பாதியாகக் குறைப்போம் என்று வாரியம் உறுதிமொழி கொடுத்திருக்கிறது. அதனால் ஹீட்டரைக் குறைத்துவிட்டார்கள், ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் நாங்கள் கூப்பிட்டு விமானத்தில் வந்து இறங்குகிறவர்களின் புகை அந்தக் கணக்கில் கிடையாது. ஏன் என்று மேலாளர் ஹன்னாவிடம் கேட்டேன். "அது பயணிகளுடைய புகை. நம்முடையது இல்லை" என்றாள். பொய் சொல்கிறவள் இல்லை அவள். மனதார நம்பித்தான் சொன்னாள்.

என் அண்ணன் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். சாரல் விழுந்து கூட்டம் வந்தால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும். அருவிக்கரையில் பிழைக்கிற எல்லோருக்கும் ஒன்று தெரியும். தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தால் மலைமேல் வெள்ளம். உடனே ஓட வேண்டும். ஆனால் உடம்பெல்லாம் எண்ணெயோடு நிற்கிறவன் லேசில் ஓடமாட்டான். எண்ணெய் போகட்டும் என்று இன்னும் ஒரு நிமிஷம் நிற்பான்.

இந்த வருஷம் ஆனி முழுக்க வெயில். பாறை காய்ந்து கிடந்தது. கடைசியில் ஒருநாள் மத்தியானம் மலைமேல் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. மறுநாள் அண்ணன் போனில் சொன்னான்.

"தண்ணி நூலு மாதிரிதாம்ட்டி விழுந்துச்சு. நான் எண்ணெய் தேச்சுவிட்ட ஒருத்தரு அடியில நிக்காரு. திடீர்னு இலை வருது. வெளிய வாங்க அண்ணாச்சின்னு கத்துதேன், எண்ணெய் போகலைங்காரு. கையப் பிடிச்சு இழுத்தேன், வழுக்கிட்டு."

"அய்யோ, பெறவு?"

"இடுப்புல கெடந்த அரணாக்கயித்தப் பிடிச்சு இழுத்துட்டேன். அவுக அம்மா கட்டிவிட்டதுக்கு நேத்துதான் பலன்." சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிறு அறுந்திருந்தால் இரண்டு பேருமே போயிருப்பார்கள். அந்த வேலையை விட்டுத் தொலை என்று கத்தினேன்.

"ஏட்டி, நீ பிளேனுக்கு ஆளக் கூப்பிடுத, நான் அருவிக்கு ஆளக் கூப்பிடுதேன். ரெண்டும் ஒரே சோலிதான். நீ மொதல்ல விடு, நானும் விடுதேன்."

நான் இங்கே வந்தது விமானத்தில். அவனைப் பார்க்கப் போவதும் விமானத்தில். ஒரு விமானத்தின் புகையையும் அந்த மழையையும் கோடு போட்டு இணைக்க எனக்குப் படிப்பு போதாது. ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் குற்றாலத்து மழைச் செய்தியைத் தேடிப் பார்க்கிறேன்.

போன வாரம் கூட்டத்தில் புது விளம்பரப் படம் காட்டினார்கள். இந்த நாட்டு அருவி ஒன்று. அதனடியில் ஒரு குடும்பம் சிரித்தபடி நிற்கிறது. நான் அருவியின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன தேடுகிறாய் என்று ஹன்னா கேட்டாள். "இலை வருகிறதா என்று பார்க்கிறேன்" என்றேன். ஏன் என்று சொல்வதற்குள் தலையாட்டிக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

இன்று திருத்திய படம் வந்தது. உன் யோசனைதான் என்று ஹன்னா தோளைத் தட்டினாள். அருவியின் உச்சியிலிருந்து பச்சையும் பழுப்புமாக இலைகள் புரண்டு இறங்குகின்றன. அடியில் அந்தக் குடும்பம் இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறது.

வெளியே வந்து அண்ணனைக் கூப்பிட்டேன். குற்றாலத்தில் இப்போது நல்ல கூட்டம் என்று நேற்றே சொல்லியிருந்தான். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கையில் எண்ணெய் இருந்தால் அவன் போனைத் தொடமாட்டான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் திரையில் அந்தப் படம் தெரிகிறது. எடு அண்ணே, எடு என்று அதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.