சகீனா இட்ட ஒப்பம்

ஒவ்வொரு சாதிக்காயாக எடுத்துக் காதருகே கொண்டுபோய் இரண்டு குலுக்குக் குலுக்குவாள். ஓட்டுக்குள் பருப்பு கடகடவென்று ஆடினால் காய்ந்த காய். வலப்பக்கக் கூடையில் விழும். சத்தம் வராவிட்டால் இடப்பக்கம், மறுபடியும் வெயிலுக்கு. கண் என்னவோ ஜன்னலுக்கு வெளியே மாத்தளை ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்; கை பிசகாது. கண்டியிலிருந்து அக்குறணைக்கு வரும் வாசனைச் சரக்கு வியாபாரிகள் "சகீனா குலுக்கின காய்" என்றால் சாக்கைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

ஆள் குள்ளம். முக்காட்டுக்குள் முகம் பாதிதான் தெரியும். சாதிபத்திரித் துணுக்கு ஒன்று எந்நேரமும் கன்னத்தில் அடங்கியிருக்கும். பஸ்ஸுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் "ஓடுற அடுப்பு". ஏறினால் வாந்தி வரும் என்பதால் எங்கே போனாலும் திரை கட்டிய மாட்டுக் கரத்தைதான். கலியாணம், காய்ச்சல், வீட்டுக் கூரை என்று எதைப்பற்றிக் கேட்டாலும் முதல் பதில் "பாப்போம்." அப்படிச் சொல்லிவிட்டு நிஜமாகவே பார்ப்பாள் என்பதுதான் அவளிடம் உள்ள ஆபத்து. கணவன் தைத்து முடித்த கோட்டை எடுத்துப் பொத்தானை ஓர் இழு இழுப்பாள். "இது ஒரு மழக்கித் தாங்காது" என்று திருப்பிக் கொடுத்தால், அவரும் நூலைப் பிரிப்பார்.

அந்தக் கணவர் ஹபீல் காரைக்காலைச் சேர்ந்தவர். கண்டியில் துணிக்கடை வைத்திருந்த தாய்மாமனைப் பார்க்க ஆறு மாத அனுமதியோடு வந்தார். இரண்டாம் மாதமே கலியாணம் ஆயிற்று. அந்த ஊர் முஸ்லிம் வழக்கப்படி பெண் வீட்டிலேயே தங்கிவிட்டார். பேச்சு தமிழ்தான், கடலும் ஒரே கடல்தான். ஆனால் காரைக்காலில் பறப்பது பிரெஞ்சுக் கொடி. ஆகவே அரசாங்கக் கந்தோர்க் காகிதத்தில் அவர் அந்நியர். தவணை முடியும் சனிக்கிழமைக்குள் நீடித்துத் தராவிட்டால் கப்பலேற வேண்டியதுதான். போனால் எப்போது திரும்ப விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மனு எழுத நடராஜா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் கந்தோர் வாசலில் மேசை போட்டுப் பத்தொன்பது வருஷமாக ஊராருக்கு இங்கிலீசில் மனு எழுதுகிறவர். அக்குறணை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதையெல்லாம் ஹபீலிடம் கேட்டு எழுதிக்கொண்டார். உள்ளே சாதிக்காய் குலுங்கிக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அதையொரு குறையாகச் சொல்லப்போனால் ஊரில் பாதிப்பேரைக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.

மனு திரும்பி வந்தது. கூட வைத்த கலியாணப் பதிவில் மாப்பிள்ளை, பெண்ணின் தகப்பன், சாட்சிகள் இருவர், பதிவுகாரர் என்று ஐந்து ஒப்பம் இருந்தன. கலியாணம் செய்துகொண்டவளின் ஒப்பம் மட்டும் இல்லை. அவர்கள் வழக்கத்தில் அது தேவையுமில்லை. பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுவந்து சபையில் சொல்வது தகப்பன் பொறுப்பு. கந்தோரில் மனுவைப் பார்க்கும் வெள்ளைக்காரத் துரைக்கு அது எப்படித் தெரியும்? நாட்டில் தங்குவதற்காகக் காகிதத்தில் மட்டும் கலியாணம் முடிக்கும் ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். பெண்ணின் தகப்பனை அழைத்துவா என்று எழுதியிருந்தார். தகப்பன் பளீல் மவுத்தாகி, அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

ஹபீல் தலையில் கைவைத்துக் கொண்டார். சகீனா கூடையைத் தள்ளிவைத்தாள்.

"வாப்பா இல்லாட்டி நான் ஈக்கிறேன்தானே. கரத்தைக்குச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை காலை கந்தோருக்குள் அவள் நுழைந்தபோது குமாஸ்தாமாரின் பேனாக்கள் நின்றன. அந்தக் கந்தோரில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. விரித்த குடையைப் பக்கவாட்டில் பிடித்து, குமாஸ்தாமார் பக்கத்தை மறைத்துக்கொண்டு துரையின் மேசைக்கு முன் வந்து நின்றாள். கதிரையைக் காட்டினார்கள், உட்காரவில்லை. பின்னால் நின்ற ஹபீலின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. துரைக்கும் அவளுக்கும் நடுவில் நடராஜாதான் பாலம்.

"தங்கச்சி, இந்தக் கலியாணத்துக்கு நீங்கள் சம்மதிச்சதுக்கு என்ன அத்தாட்சி எண்டு துரை கேக்கிறார்."

"வாப்பா திரைக்கு அங்கால நிண்டு கேட்டாங்க. மத்தப் பொம்புளயள் பேசாம ஈப்பாங்க. பேசாம ஈந்தாலும் சம்மதம்தான். நான் வாய் தொறந்து சொன்னேன், எனக்கு இவங்கள விருப்பம் எண்டு. வெளிய ஈந்த ஆம்புளயளுக்கும் கேட்டிச்சி. அதுக்கு எங்கட மாமி இண்டைக்கும் ஏசுறாங்க."

நடராஜா மாமியையும் விடாமல் மொழிபெயர்த்தார். துரையின் மீசை கொஞ்சம் அசைந்தது. சொன்னதை எழுத்தில் பதிய வேண்டும் என்று ஒரு வெள்ளைத் தாளையும், பெருவிரல் ஒற்ற மைப்பெட்டியையும் அவள் முன் தள்ளினார்.

சகீனா மைப்பெட்டியைத் திருப்பித் தள்ளினாள்.

"வெரல் வாணாம். பேனையத் தாங்க."

குடையை ஹபீலிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். தாளின் வலது ஓரத்திலிருந்து தொடங்கி இடப்பக்கமாக எழுதிக்கொண்டு போனாள். அரபு எழுத்தில் தமிழ். ஓதப் பழகும்போதே முஸ்லிம் வீட்டுப் பெண்கள் கற்றுக்கொள்ளும் எழுத்து அது. கந்தோருக்குத்தான் அது தெரியாது. மூன்று வரி எழுதினாள். அடித்தல் திருத்தல் ஒன்றுமில்லை. தாள் நகராமல் இருக்க இடதுகையை ஊன்றியிருந்தாள். குமாஸ்தா ஒருவர் எழுந்து எட்டிப் பார்த்தார். துரையும் அதட்ட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நடராஜா கிட்டே வந்து தாளைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக மற்றவர்களுக்காக எழுதிய மனுஷன், முதல் தடவையாக ஒரு தாளின் முன் எழுத்தறியாதவராக நின்றார்.

"என்ன எழுதியிருக்கிறீங்கள், தங்கச்சி? எனக்கு வாசிக்கத் தெரியேல்லை."

அவள் வாசித்தாள். பேச்சுத் தமிழில் அல்ல, மார்க்கக் கிதாபு வாசிக்கும் குரலில். "பளீல் மகள் சகீனா எழுதிக்கொள்வது. இவரைக் கணவராக ஏற்கச் சம்மதம் என்று என் தகப்பனாரிடம் சொன்னேன். அவர் மவுத்தாகிவிட்டார். இன்றும் சம்மதம்."

கந்தோர் முழுக்கக் கேட்டது. ஹபீல் குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். நடராஜா அந்த நாலு வாக்கியத்தையும் ஒவ்வொன்றாக இங்கிலீசில் சொன்னார்.

துரை மனுவைப் புரட்டினார். ஒரு வரியில் பென்சிலை வைத்து, மனுவில் ஒன்று இருக்கிறது, மேசையில் ஒன்று நடக்கிறது, எது பொய் என்று கேட்டார்.

"என்ன ஈக்கி அதுல?" என்றாள் சகீனா.

நடராஜா நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். இங்கிலீசு அவர் கையில்தானே இருந்தது. ஆனால் அந்த மூன்று வரியைப் பார்த்த பிறகு அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"'மனைவி எழுத்தறிவில்லாதவள்' எண்டு இருக்கு. எல்லாப் பொம்பிளையளின்ரை மனுவிலும் நான் போடுற வரி. உங்களைக் கேக்காமல் எழுதிப்போட்டன். என்ரை பிழை."

அதையே துரையிடமும் சொன்னார். துரை யோசித்தார். எழுதியவரே திருத்தி ஒப்பமிட்டால் ஒரு வருஷம் நீடித்துத் தருவதாகச் சொல்லிப் பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டார். ஹபீல் சுவரில் சாய்ந்தார்.

சகீனாவுக்குக் கோபமில்லை போலத்தான் தெரிந்தது. "எந்த எடம்?" என்று மட்டும் கேட்டாள். நடராஜா காட்டினார். எழுதிய மை காயாத சுட்டுவிரலை அந்த வரிக்குக் கீழே ஊன்றினாள். அவர் அதைப் பேனாவால் வெட்டத் தொடங்கினார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை கோடு போய்ச் சேருமட்டும் அந்த விரல் அங்கேயே இருந்தது. அவர் பக்கத்தில் ஒப்பமிட்ட பிறகுதான் அதை எடுத்து, தாளைத் துரையின் பக்கம் திருப்பி வைத்தாள்.