எல்லாக் காட்டிலும் விளைந்த சாமை

எங்கள் அன்புத் தந்தையார் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேர் அப்பாவை நோகடித்தவர்கள். நினைவு நாளில் அதெல்லாம் எதற்கு என்றார் அண்ணன். எழுதாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

அப்பா பிறந்தது மலைமேல் உள்ள அரியூர் நாட்டில். சிறு வயதிலேயே தாயை இழந்து, பிறர் காட்டில் களையெடுத்து வளர்ந்தவர். அவர் முதல் பிடி தூவினால் சாமை பொய்க்காது என்று ஊரே நம்பியது. பள்ளம், சரிவு, கல்லு மேடு என எல்லாக் காட்டு விதைப்புக்கும் அவரைத்தான் அழைப்பார்கள். தூவியதெல்லாம் எங்கள் பழைய பெருஞ்சாமை. எந்தக் காட்டிலும் அது கொட்டிக் கொடுக்காது. எந்தக் காட்டிலும் கைவிடாது. அந்தப் பெருமை விதைக்குப் போகாமல் அப்பாவின் கைக்குப் போயிற்று.

தொண்ணூறுகளின் கடைசியில் கீழேயிருந்து ஒரு புது விதை வந்தது. சமவெளியில் அமோக விளைச்சலாம். எங்களைத் தவிர ஊர் முழுக்க அதற்கு மாறியது. முதல் பிடி அப்பாதான். பள்ளத்தில் நன்றாகவே விளைந்தது. மழை தள்ளிப்போனதில் சரிவில் கருகியது, மேட்டில் கதிரே பிடிக்கவில்லை. எங்கள் மேட்டுக்காட்டில் அதே வாரம், அதே கை தூவிய பழைய சாமை எப்போதும்போல் வந்ததை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியப்பா எங்கள் வாசலில் நின்று, "உன்ற கை கெட்டுப் போச்சு. இனி எங்க காட்டுப் பக்கம் வராத" என்றார்.

பிறகு யாரும் அழைக்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தன் கை கெட்டதாக அப்பாவே நம்பிவிட்டாரே, அதுதான் பொறுக்கவில்லை. சொந்தக் காட்டுக்கே அம்மாவைத் தூவச் சொன்னார். அதே விளைச்சல்தான் வந்தது. "உங்கம்மாளுக்கு நல்ல கை, கண்ணு" என்றார். எல்லாம் விதையால்தான் என்று நான் எத்தனை சொல்லியும் சிரித்து மழுப்பிவிடுவார்.

நோயில் படுத்திருந்த கடைசி நாட்களில், விதைச் சாமையை முறத்தில் எடுத்துப்போய்க் காட்டினேன். கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாஞ் சாமி. நாந் தொட்டா வெளங்காது."

கருமாதி முடிந்ததும் பெரியப்பா வந்தார். சாமையே வேண்டாமென்று மரவள்ளிக்குப் போனவர்கள் இப்போது திரும்பி வருகிறார்கள். பழைய விதை எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கேட்டார். கூடவே, அப்பன் கைராசி மகனுக்கு இல்லாமலா போகும், முதல் பிடி அவனே தூவட்டும் என்றும் சொன்னார்.

அப்பாவைக் கட்டிலோடு சோளக்காடு ஊர் வரை சுமந்து பஸ் ஏற்றிய பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும், மருத்துவமனையில் உடனிருந்த மாமாவுக்கும், துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அத்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. விதை வேண்டுவோர், பெரியப்பா உட்பட, வந்து வாங்கிக்கொள்ளலாம். அது எந்தக் காட்டிலும், யார் தூவினாலும் விளையும். எங்கள் வீட்டுக் கையை மட்டும் கேட்டு வராதீர்கள்.