கடைசிவரை குதிரை ஏறாத ரெஜினா

ரெஜினா இறந்துவிட்டார்.

காலையில் குதிரைப் பண்ணையின் வாட்ஸ்அப் குழுவில் மெசேஜ் வந்தது. மகன் தான் இருக்கும் பேர்த் நகருக்கு உடலைக் கொண்டுபோய் இறுதிச் சடங்கும் முடித்துவிட்டாராம்...

உங்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. துக்கம் விசாரிக்கப் போய் இருக்க எனக்கு ஒரு வீடும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மெல்பேர்னில், கிரெய்கிபர்னுக்கு வெளியே, நடக்க முடியாத பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்திச் செல்லும் சின்ன இடம் அது. மனைவி இறந்த பிறகு சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கே உதவி செய்யும் வொலன்ரியராகப் போனேன்.

ரெஜினா ஏற்கெனவே அங்கே இருந்தார். மலேசியத் தமிழர், ஓய்வுபெற்ற நர்ஸ், ஏறக்குறைய என் வயது. அவரும் தனியாள்தான்.

முதல் நாள் நான் சேணத்தை வைத்து, வயிற்றுப் பட்டியை இழுத்து இறுக்கிவிட்டுப் பெருமையாக நின்றேன். அவர் குதிரையைக் கொஞ்சத் தூரம் நடத்திக்கொண்டு வந்தார். பிறகு பட்டிக்குள் கையை விட்டார். முழுக் கையும் உள்ளே போனது.

"இறுக்கும்போது இவன் வயித்த உப்பி வச்சுக்குவான். நடந்தா மூச்ச விட்டுடுவான். அப்புறம் மறுபடி இறுக்கணும்."

சிரித்துவிட்டேன். சிரித்துக் கனகாலம் ஆகியிருந்தது.

அவர் மட்டும் ஒருநாளும் குதிரையில் ஏறியதில்லை. பயமோ என்று கேட்டேன். கீழே நிற்கத்தான் பிடிக்கும் என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, குளிர் காற்று. ஒரு சிறுமி ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு வீல்செயாரில் காத்திருந்தாள். ரெஜினா சேணத்தின் மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றுப் பட்டியைக் கொளுவி மாட்டும் தோல் வாரில் தையல் விட்டிருந்தது; அறுந்தால் சேணமே சரிந்துவிடும். அவளுக்குப் பொருந்துகிற வேறு சேணம் இல்லை.

இன்றைக்கு ஏற்ற முடியாது என்று தாயிடம் சொன்னார். தாய்க்குக் கோபம். அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்தோமே, மெதுவாகத்தானே நடக்கப்போகிறது என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். ரெஜினா மன்னிப்புக் கேட்டார். ஆனால் சேணத்தைக் கழற்றிவிட்டார்.

குதிரையை வீல்செயாருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பிரஷைச் சிறுமியின் கையில் கொடுத்தார். அவள் எட்டிய இடத்தையெல்லாம் வாரிவிட்டாள். தாய் காருக்குள் போய் இருந்துகொண்டார்.

எல்லோரும் போன பிறகு ரெஜினா தன் காரில் அழுதுகொண்டிருந்தார். அந்தத் தாயின் பேச்சைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்றேன்.

"அது இல்ல... அந்தப் பிள்ளைக்கு வாரத்துல இந்த ஒரு நாள்தான் இருக்கு. எனக்கும் அப்படித்தான். அதான் தெரியுது."

எனக்கும்தான். ஃபிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைப் பாதி ஊற்றிக் கொடுத்தேன்.

வார் தைத்து வந்ததும் சிறுமி மறுபடி ஏறினாள். அவள் காலைப் பிடித்தபடி ரெஜினா பக்கத்திலேயே நடந்தார். தாய் கடைசிவரை அவரோடு கதைக்கவில்லை.

கடைசிச் சில வாரங்களாக ரெஜினா வரவில்லை. மகனிடம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். போன் நம்பர்கூட வாங்கி வைத்திருக்கவில்லை... சனிக்கிழமை வந்தால் காணத்தானே போகிறோம்.

இதனோடு போட ஒரு படம் தேடினேன். என் போனில் நிறையக் குதிரைகள், நிறையப் பிள்ளைகள். ஒன்றில் மட்டும், குதிரையின் கழுத்துக்குப் பின்னால், நீலக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு முழங்கை தெரிகிறது.

அது ரெஜினா.

போயிட்டு வாங்கோ, ரெஜினா.