விளக்கு வைக்கும் நேரத்துக் கடல்

பிரேமாவதிக்குக் கடலை வரைவதில் பைத்தியம். அதிலும் அந்தி நேரத்துக் கடல். வேடிக்கை என்னவென்றால், ஐம்பத்து மூன்று வயது வரை அந்தியில் அவர் கடலை நின்று பார்த்ததே இல்லை.

மலேசியாவில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து, லாரி ஓட்டும் நடராஜாவைக் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய பிறகுதான் தூரிகையைக் கையில் எடுத்தார். சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் டாவாய் கடற்கரைக்குப் போவார். கருவாட்டு வாசனைக்கு நடுவே, படகுத்துறை ஓரம் உட்கார்ந்து வரைவார். வெயில் தணிந்து வெளிச்சம் இளகத் தொடங்கும்போது மூட்டை கட்டிவிடுவார். பொழுது சாய்வதற்குள் வீட்டில் விளக்கேற்ற வேண்டுமே! அவர் அம்மாவும் அப்படித்தான், அவரும் அப்படித்தான். மீதி அந்தியை வீட்டுக்கு வந்து குத்துமதிப்பாகப் பூசுவார்.

ஒரு நாள் நடராஜா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பிரேமா, வானத்துல மிளகாய்ச் சம்பலைக் கொட்டி வச்சிருக்க?"

வழக்கமாகச் சிரித்துவிடுகிற பிரேமாவதிக்கு அன்று கண் கலங்கிவிட்டது. "பாத்தாதானேங்க வரைய முடியும்? அந்த நேரத்துல நான் சாமி மேடைக்கு முன்னால நிக்கிறேன். சாகிறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் அந்த வெளிச்சத்தப் பாக்கணும்."

அடுத்த சனிக்கிழமை மனைவி கிளம்பும்போது நடராஜா, "இன்னிக்கு விளக்க நான் ஏத்துறேன். இருட்டுன பிறகு வந்தா போதும்லா," என்றார். அடுப்பையே ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரியாத மனுஷன்! பிரேமாவதி அரை மனதோடுதான் போனார்.

சூரியன் இறங்கியது. சம்பலும் இல்லை, ஒன்றும் இல்லை. வானம் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, சின்ன வெங்காயத் தோல் போல இருந்தது. கரைச் சேறுகூட அந்த நிறத்தை வாங்கி மினுமினுத்தது. இத்தனை நாள் தப்புத் தப்பாக வரைந்திருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவசரமாக வண்ணம் குழைத்தார்.

அப்போது கைப்பேசியில் ஒரு படம் வந்தது. வீட்டுக் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது, தெற்கே பார்த்து! தெற்கு எமனுடைய திசை. அந்தப் பக்கம் யார் விளக்கு வைப்பார்கள்? பிரேமாவதி பதறி எழுந்தார். ஈரத் தாளைச் சுருட்டிக்கொண்டே கணவரைப் போனில் கூப்பிட்டார்.

"என்னங்க, தெக்கப் பாத்து வச்சிருக்கீங்க!"

"அய்யய்யோ! கிழக்கு எந்தப் பக்கம்?"

"ஃப்ரிட்ஜ் இருக்கிற பக்கம்."

விளக்குத் தட்டு நகரும் சத்தம் கேட்டது. "ஸ்ஸ்... சுட்டுருச்சு! சரி, திருப்பிட்டேன். நீ கிளம்பிடாத. அங்க இன்னும் வெளிச்சம் இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப போனை வச்சுட்டு வரைலா. இங்க நான் இருக்கேன்ல."

பிரேமாவதி கைப்பேசியை வைத்தார். வண்ணம் படிந்த கையோடு கடலைப் பார்த்துக் கும்பிட்டார். இந்த மனுஷன் நூறு வயசு இருக்கணும் என்று வேண்டிக்கொண்டார். பிறகு தாளை விரித்து, தூரிகை எங்கே படுகிறது என்றே தெரியாத அளவுக்கு இருட்டும் வரை உட்கார்ந்து வரைந்தார்.